அமெரிக்கக் கால்பந்தில் (என்எஃப்எல்) ஆடிக்கொண்டிருப்பவர்களில் கேன்டனுக்குப் போகத் தகுதியானவர்கள்: 2025 பருவத்துக்கு முன் ஒரு வரிசை

முன்வரிசைக் காவல்:

போன சனிக்கிழமை (2025 ஆகஸ்ட் 2) கேன்டனில், அதாவது இந்த ஆட்டத்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில், நான்கே நான்கு பேருக்குத்தான் வெண்கலச் சிலை திறந்தார்கள். எரிக் ஆலன், ஜாரெட் ஆலன், அன்டோனியோ கேட்ஸ், ஸ்டெர்லிங் ஷார்ப். 2005-க்குப் பிறகு இவ்வளவு சிறிய குழு வந்ததே இல்லை. "இவரா, நிச்சயம் ஹால் ஆஃப் ஃபேம்" என்று நாம் போகிற போக்கில் சொல்லிவிடுகிற பல பேருக்கு இனி அந்தக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்காது. அதனால்தான் இந்த இழை.

காரணம் புது ஓட்டு முறை. தேர்வுக் குழுவில் 50 பேர். இறுதிக்கு வரும் 15 வீரர்களை முதலில் 10 ஆகவும் பிறகு 7 ஆகவும் குறைக்கிறார்கள். முன்பெல்லாம் கடைசியில் மிஞ்சும் ஐந்து பேருக்குத் தனித்தனியாக "சரியா, வேண்டாமா" என்று ஓட்டுப் போடுவார்கள். பெரும்பாலும் ஐந்து பேரும் உள்ளே போய்விடுவார்கள். இப்போது அந்த 7 பேரில் 5 பேருக்கு மட்டும் ஒவ்வொருவரும் ஓட்டுப் போட வேண்டும். உள்ளே போக 80 சதவீதம், அதாவது 40 ஓட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 பேர் ஆளுக்கு ஐந்து என்றால் மொத்தம் 250 ஓட்டு. ஏழு பேருக்கும் சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 36 கூடத் தேறாது. ஏழு பேரும் ஒரே தரம் என்றால் ஒருவருமே 40-ஐத் தொட மாட்டார்கள்! குறைந்தது மூன்று பேராவது போக வேண்டும் என்று விதி இருப்பதால் வாசல் முழுதாக மூடவில்லை. இந்த வருடம் சரியாக மூன்று பேர். நான்காவதான ஷார்ப் மூத்தோர் பிரிவில் வந்தவர்.

ஆக, "நல்ல வீரர், நீண்ட நாள் ஆடினார்" என்பது இனிப் போதாது. தன் இடத்தில் நாட்டிலேயே இவர்தான் முதல் ஆள் என்று எத்தனை வருடம் சொல்ல வைத்தார் என்பதுதான் என் முதல் அளவுகோல். அதற்கு ஆல்-ப்ரோவின் (பருவ முடிவில் ஒவ்வொரு இடத்துக்கும் சிறந்தவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்) முதல் அணியை விட நல்ல சான்று இல்லை. நட்சத்திர ஆட்டமான புரோ பவுலை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. 2022-இல் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுகிறவர்) டைலர் ஹன்ட்லி பருவம் முழுக்க இரண்டே டச்டவுன் (எதிரணியின் கோல் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது) பாஸ் போட்டுவிட்டு, மற்றவர்கள் விலகியதால் புரோ பவுலுக்குப் போனார். சூப்பர் பவுல் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டம்) வென்றவர்களுக்குத் தரும் மோதிரம் எனக்கு மூன்றாம் பட்சம், குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் எடை.

இப்போது ஏதாவது ஒரு அணியில் இருப்பவர்களை மட்டும் எடுக்கிறேன். ஆரன் டொனால்ட், ஜேசன் கெல்சி, ஸாக் மார்ட்டின் எல்லாம் ஓய்வு பெற்றாயிற்று.

இன்றே ஆட்டத்தை விட்டாலும் உள்ளே போகிறவர்கள், என் வரிசைப்படி: மஹோம்ஸ், ஆரன் ராட்ஜர்ஸ், ட்ரென்ட் வில்லியம்ஸ், ட்ராவிஸ் கெல்சி, பாபி வாக்னர். இவர்களை அடுத்து மைல்ஸ் காரெட், டி.ஜே. வாட், வான் மில்லர், லமார் ஜாக்சன், டெரிக் ஹென்றி. போவார்கள், ஆனால் சிலர் காத்திருக்க வேண்டும். அதற்கும் கீழே டவான்டே ஆடம்ஸ், டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ், மைக் எவன்ஸ், ஃப்ரெட் வார்னர், க்வென்டன் நெல்சன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

லாம்போ பெஞ்ச்:

முதல் இரண்டையும் மாற்றுங்கள் அண்ணே. ராட்ஜர்ஸ் நான்கு முறை எம்விபி (பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரர்): 2011, 2014, 2020, 2021. அவரை விட அதிகம் வாங்கியவர் பெய்டன் மானிங் ஒருவர்தான், ஐந்து. 500-க்கு மேல் டச்டவுன் பாஸ் போட்டும் இன்டர்செப்ஷன் (எதிரணி கையில் சிக்கிய பாஸ்) 116 தான். பந்தை அவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வீசியவர் யாராவது உண்டா? ஜெட்ஸில் போன இரண்டு வருடத்தை வைத்து அவரை எடை போடக் கூடாது.

முன்வரிசைக் காவல்:

அந்த இரண்டு வருடத்தை நான் தொடவே இல்லை. 2023-இல் களமிறங்கி நான்காவது ஸ்னாப்பிலேயே, அதாவது நான்காவது முறை பந்து ஆட்டத்துக்கு வந்தபோதே, குதிகால் தசைநார் அறுந்து போனவரை அதற்காகக் குறை சொல்வது அநியாயம். ஆனால் மஹோம்ஸ் 2018-இல் முதல் ஆளாக ஆடத் தொடங்கியதிலிருந்து 2024 வரை ஒரு வருடம் கூட ஏஎஃப்சி (லீக்கின் இரு பாதிகளில் ஒன்று) இறுதிப் போட்டிக்குப் போகாமல் இருந்ததில்லை. ஏழு வருடத்தில் ஐந்து சூப்பர் பவுல். மூன்றில் வெற்றி, மூன்றிலும் அவரே ஆட்ட நாயகன். கூடவே இரண்டு எம்விபி. இதெல்லாம் முப்பது வயதுக்குள். இரண்டு பேரும் முதல் வருடமே போவார்கள், இடம் மாறினால் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு மஹோம்ஸ்.

புதிய பார்வையாளர்:

நான் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ட்ரென்ட் வில்லியம்ஸ் பந்தையே தொடுவதில்லையே. கெல்சிக்கு மேலே அவரை எப்படி வைக்கிறீர்கள்? அவர் நன்றாக ஆடினார் என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

முன்வரிசைக் காவல்:

நல்ல கேள்வி, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

வில்லியம்ஸின் அணியான ஃபார்ட்டி நைனர்ஸ் அடுத்த முறை இடது பக்கமாக ஓடும் ஆட்டம் போடும்போது பந்தை விட்டுவிட்டு 71-ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். ஸ்னாப் ஆனதும் முன்னால் பாய மாட்டார். பக்கவாட்டில் ஒரு எட்டு வைப்பார், இடுப்பு தாழ்ந்தே இருக்கும். எதிரே நிற்கும் டிஃபென்சிவ் எண்டின் நெஞ்சில் ஒரு கையை வைத்து, அவரைப் பக்கத்தில் இருக்கும் தன் அணியின் கார்டிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கிருந்து ஓடத் தொடங்குவார். 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள மனிதர் திறந்த வெளியில் ஓடி வருகிறார், எதிரே தற்காப்பு வீரரான லைன்பேக்கரோ கார்னர்பேக்கோ நிற்கிறார். அவர்களில் சிலர் மோதலைத் தவிர்க்கத் தாங்களாகவே ஒதுங்கிவிடுவார்கள். அந்த ஒதுங்கலில் திறக்கும் வழியில்தான் பந்தோடு மெக்காஃப்ரி போகிறார். 2021-இல் ஒருபடி மேலே போய், ஸ்னாப்புக்கு முன்பே அவரை மோஷனில் ஓட விட்டுத் தடுக்கச் சொன்னார் பயிற்சியாளர் கைல் ஷனஹன்.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்களே. முன்வரிசை ஆட்களுக்கு கெஜம் இல்லை, டச்டவுன் இல்லை. அதனால் ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கிறவர்களின் ஓட்டுதான் சாட்சி. இடது டாக்கிளுக்கு (வில்லியம்ஸ் ஆடும் முன்வரிசை இடம்) முதல் அணியில் ஒரே ஒரு இடம். வில்லியம்ஸ் அதை 2021, 2022, 2023 மூன்று வருடமும் வரிசையாக எடுத்தார், 33 வயதுக்கு மேல்! அதுவும் தலையில் வந்த புற்றுநோய்க் கட்டி விஷயத்தில் வாஷிங்டன் அணியோடு பிணக்கு ஏற்பட்டு, 2019 முழுக்க ஆடாமல் உட்கார்ந்திருந்தவர். அந்த வயதில் அந்த உடம்பை அப்படிக் கொண்டு வந்து நிறுத்தியவர் இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

கெல்சியை நான் இறக்கவில்லை. டைட் எண்டாக (தடுப்பதும் பந்தைப் பிடிப்பதும் இரண்டும் செய்யும் இடம்) இருந்துகொண்டு ஏழு வருடம் தொடர்ந்து 1,000 கெஜம், நான்கு முறை முதல் அணி. பிளேஆஃபில் (பருவத்துக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்று) ஜெர்ரி ரைஸை விட அதிக கேட்ச். அவர் முதல் வருடமே போவார், அதில் சந்தேகமே இல்லை.

பிட்ஸ்பர்க் பாலம்:

காரெட்டை வாட்டுக்கு மேலே எழுதியிருக்கிறீர்கள், அதை ஏற்க முடியாது. 2021-இல் வாட் 22.5 சாக் (குவார்ட்டர்பேக் பந்தை வீசுமுன் அவரை வீழ்த்துவது) எடுத்து ஸ்ட்ராஹனின் ஒரு பருவச் சாதனையைச் சமன் செய்தார். ஸ்ட்ராஹனுக்கு அது 16 ஆட்டம், வாட்டுக்கு 15. இரண்டு பேரும் 2017-இல் வந்தவர்கள், இரண்டு பேருக்கும் முதல் அணி நான்கு முறை, ஆளுக்கு ஒரு முறை சிறந்த தற்காப்பு வீரர் விருது. மொத்த சாக்கில் வாட் 108, காரெட் 102.5. பிறகு எதை வைத்து அவர் மேலே?

பனிக்கால ரசிகன்:

நான் காரெட் பக்கம். அவரை எதிர்க்கும் அணிகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். அவரைத் தடுக்க டாக்கிள் ஒருவர், டைட் எண்ட் ஒருவர், அதற்கு மேல் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுகிறவர்) ஒரு இடி கொடுத்துவிட்டுப் போவார். அப்படியும் வருடத்துக்கு 14, 16 என்று எடுக்கிறார். வாட்டுக்குப் பக்கத்தில் கேமரன் ஹேவர்ட் இருந்தார், கவனத்தைப் பிரித்துக்கொள்ள ஆள் இருந்தது. பிளேஆஃப் பற்றிப் பேசினால் இன்னும் வலிக்கும். வாட் வந்த பிறகு அவருடைய பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஒரு பிளேஆஃப் ஆட்டம் கூட ஜெயித்ததில்லை. க்ளீவ்லாந்தின் காரெட் ஜெயித்த ஒரே பிளேஆஃப் ஆட்டம் 2021 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கிலேயே நடந்தது, 48-37. எதிர்ப்பக்கம் வாட் நின்றிருந்தார்.

பிட்ஸ்பர்க் பாலம்:

அந்த ஆட்டத்தில் முதல் ஸ்னாப்பையே சென்டர் குவார்ட்டர்பேக்கின் தலைக்கு மேல் போட்டு டச்டவுன் கொடுத்தது எங்கள் தாக்குதல் பக்கம். அதற்கு எட்ஜ் ரஷரான (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிறவர்) வாட் என்ன செய்வார்? பிளேஆஃப் தோல்வியை ஒரு தற்காப்பு வீரர் தலையில் கட்டுவது சரியே இல்லை.

முன்வரிசைக் காவல்:

பிளேஆஃபை விடுங்கள், அதில் பாலம் சொல்வதுதான் நியாயம். இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஒரு முன்னுதாரணம் போன வாரம்தான் மேடையில் நின்றது: ஜாரெட் ஆலன். 136 சாக், நான்கு முறை முதல் அணி, 2011-இல் ஒரே பருவத்தில் 22 சாக், மோதிரம் இல்லை. ஐந்து வருடம் இறுதிச் சுற்றுக்கு வந்து வந்து, ஐந்தாவது வருடம்தான் போனார். வாட்டும் காரெட்டும் இன்று நிறுத்தினால் அதே வரிசையில்தான் நிற்பார்கள். ஆலனுக்கு இல்லாத சிறந்த தற்காப்பு வீரர் விருது இவர்களிடம் இருப்பது காத்திருப்பைக் கொஞ்சம் குறைக்கும். காரெட்டை ஒரு படி மேலே வைத்ததற்கு ஒரே காரணம், அவருக்கு இன்னும் 29 வயதுதான், வாட்டை விட ஒரு வயது இளையவர்.

வான் மில்லருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. இரண்டு அணியில் இரண்டு மோதிரம், 50-ஆவது சூப்பர் பவுலின் ஆட்ட நாயகன், 129.5 சாக். அந்த ஆட்டத்தில் கேம் நியூட்டன் கையிலிருந்து இரண்டு முறை பந்தைத் தட்டிவிட்டார், இரண்டும் டென்வர் டச்டவுனில் போய் முடிந்தன. கீழே இருக்கிறாரே என்று பார்க்காதீர்கள், இந்த மூவரில் முதலில் சிலை வைக்கப்போவது இவருக்குத்தான் என்பது என் கணிப்பு.

பனிக்கால ரசிகன்:

வாக்னரை முதல் ஐந்தில் வைத்தது எனக்கு ஆச்சரியம். லூக் கீக்லியைப் பாருங்கள். ஐந்து முறை முதல் அணி, 2013-இல் சிறந்த தற்காப்பு வீரர், இந்த வருடம் தகுதி பெற்ற உடனே கிடைக்கவில்லை. பேட்ரிக் வில்லிஸும் ஐந்து முறை முதல் அணி, 2024 வரை காத்திருந்தார். ஸாக் தாமஸ் அதைவிட நீண்ட காத்திருப்பு. நடு லைன்பேக்கர் என்றால் குழுவுக்கு அவசரமே இல்லை.

முன்வரிசைக் காவல்:

நீங்கள் சொன்ன பெயர்களே வாக்னருக்குச் சாதகம் நண்பரே. வில்லிஸும் கீக்லியும் தலா எட்டு வருடம். அவர்களைத் தள்ளிப் போட்டவர்கள் "ஆட்ட காலம் குறைவு" என்று ஒரு காரணமாவது சொல்ல முடியும். வாக்னர் 13 வருடம் ஆடிவிட்டார், 13 வருடமும் 100 டாக்கிளுக்கு (பந்தோடு வருகிறவரை வீழ்த்துவது) குறையவில்லை. முதல் அணி ஆறு முறை. 2012 முதல் 2015 வரை நான்கு வருடம் தொடர்ந்து எதிரணிக்கு மிகக் குறைவான புள்ளி கொடுத்த சியாட்டில் தற்காப்பின் நடுவில் நின்றவர். ஷெர்மன், ஏர்ல் தாமஸ், சான்சலர் என்று பின்வரிசைக்குத்தான் பட்டப்பெயர் கிடைத்தது. முன்னால் நின்று ஆட்டத்தைப் படித்து எல்லாரையும் இடம் மாற்றியவர் வாக்னர். கீக்லி விஷயத்தில் குழு செய்தது தப்பு, அதை அடுத்த வருடமே சரி செய்வார்கள் என்று நம்புகிறேன்.

டம்பா கடற்கரை:

எவன்ஸை ஆடம்ஸுக்கும் ஹாப்கின்ஸுக்கும் கீழே வைத்திருப்பதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. 2014-இல் வந்த நாளிலிருந்து பதினொரு பருவம், பதினொன்றிலும் 1,000 கெஜம். தொடர்ச்சியில் ஜெர்ரி ரைஸோடு சமம். முதல் பருவத்திலிருந்தே இப்படி ஆரம்பித்தவர் ரைஸ் உட்பட வேறு யாரும் இல்லை. பந்து வீசியவர்கள் யார் யார்? மெக்கவுன், வின்ஸ்டன், ஃபிட்ஸ்பாட்ரிக், பிரேடி, மேஃபீல்ட். வீசுகிற ஆள் மாறிக்கொண்டே இருந்தார், பிடிக்கிற கை மாறவில்லை.

போன பருவத்தின் கடைசி ஆட்டம், செயின்ட்ஸுக்கு எதிராக. தொடையில் காயம் பட்டு நடுவில் மூன்று ஆட்டம் ஆடாதவர், அன்று இன்னும் 85 கெஜம் வேண்டும். ஆட்டம் கையில் வந்துவிட்டது, முழங்காலை ஊன்றிக் கடிகாரத்தை ஓட விட்டால் போதும், டிவிஷன் பட்டமும் எங்களுடையது. ஆனால் அவருக்கு இன்னும் ஐந்து கெஜம் பாக்கி. பென்ச்சில் இருந்த அத்தனை பேரும் கோட்டருகே வந்து நின்றுவிட்டார்கள். மேஃபீல்ட் குட்டையாக ஒரு பாஸ் போட்டார், எவன்ஸ் பிடித்துத் திரும்பி ஒன்பது கெஜம் போனார். மொத்தம் 1,004. மொத்த அணியும் அவர் மேல் வந்து விழுந்தது. டிவிஷன் ஜெயித்ததற்குக் கூட அவர்கள் அப்படி ஓடி வரவில்லை. கூட ஆடுகிறவர்கள் ஒருவரை எப்படி மதிக்கிறார்கள் என்பதும் ஒரு சான்றுதானே?

முன்வரிசைக் காவல்:

சகோ, அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். உங்கள் பதிவைப் படித்ததும் மறுபடி ஒரு முறை அந்தக் கடைசிப் பாஸைப் போய்ப் பார்த்தேன். எவன்ஸ் கேன்டனுக்குப் போவார் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

எப்போது என்பதுதான் கேள்வி. ரிசீவர்கள் (பாஸைப் பிடிக்கிறவர்கள்) விஷயத்தில் குழு கல் நெஞ்சு. மார்வின் ஹாரிசன், டெரல் ஓவன்ஸ், ஆண்ட்ரே ஜான்சன் மூவருமே மூன்றாவது வருடம்தான் போனார்கள். டோரி ஹோல்ட் இன்னும் வெளியேதான். எவன்ஸுக்கு முதல் அணி ஒரு முறை கூட இல்லை, இரண்டாம் அணி இரண்டு முறை. ஆடம்ஸுக்கு 2020, 2021, 2022 மூன்றும் முதல் அணி, கடைசியாக வந்தது ராட்ஜர்ஸை விட்டு வேகாஸுக்குப் போன பிறகு. ஹாப்கின்ஸுக்கும் மூன்று, ஹூஸ்டனில் ஆள் மாற்றி ஆள் குவார்ட்டர்பேக்காக வந்த காலமும் அதில் சேர்த்தி. அந்தந்த வருடம் "நாட்டிலேயே சிறந்த ரிசீவர் யார்" என்ற கேள்விக்கு இவர்கள் பெயர் பதிலாக வந்திருக்கிறது. எவன்ஸ் பெயர் வந்ததில்லை. இந்த வருடமும் 1,000 தாண்டினால் பன்னிரண்டு ஆகிவிடும், ரைஸைத் தாண்டிவிடுவார். அப்போது அவரை மேலே ஏற்றுகிறேன்.

ஊதாக் காகம்:

லமாரையும் ஹென்றியையும் அந்த "காத்திருக்க வேண்டும்" கூட்டத்தில் சேர்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. லமாருக்கு இரண்டு எம்விபி, 2019-இல் ஒருமனதாக. போன வருடம் 41 டச்டவுன் பாஸ், 4 இன்டர்செப்ஷன், 4,000 கெஜம் வீசி 900 கெஜம் ஓடினார். வரலாற்றிலேயே முதல் ஆள். எம்விபியை ஜாஷ் ஆலனுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதே பருவத்துக்கு முதல் அணி ஆல்-ப்ரோ குவார்ட்டர்பேக் லமார்! பிளேஆஃபில் 3-5 என்பது உண்மைதான். அது என்னையும் தூங்க விடுவதில்லை.

முன்வரிசைக் காவல்:

லமார் காத்திருக்க மாட்டார். ஒன்றுக்கு மேல் எம்விபி வாங்கித் தகுதிக் காலமும் வந்த ஒருவர் கூடக் கேன்டனுக்கு வெளியே இல்லை. ஜிம் பிரவுன், யூனிட்டஸ், மொன்டானா, ஸ்டீவ் யங், ஃபாவ்ர், கர்ட் வார்னர், பெய்டன் மானிங், எல்லாரும் உள்ளேதான். இருபத்தெட்டு வயது என்பதால் மட்டும்தான் இரண்டாம் கூட்டத்தில் எழுதினேன்.

ஹென்றிதான் கஷ்டம். ரன்னிங் பேக்குகளின் மதிப்பே சரிந்த காலத்தில் ஆடியவர். 2,000 கெஜம் ஓடியதை மட்டும் வைத்து யாரும் உள்ளே போய்விடுவதில்லை, ஜமால் லூயிஸும் க்ரிஸ் ஜான்சனும் வெளியே இருக்கிறார்கள். முதல் அணியும் ஒரே முறைதான், 2020.

ஊதாக் காகம்:

எண்ணை விடுங்கள், அந்த 99 கெஜ ஓட்டத்தைப் பாருங்கள். 2018 டிசம்பர், ஜாக்சன்வில்லுக்கு எதிராக, தன் கோல் கோட்டுக்கு ஒரே கெஜம் முன்னால் இருந்து தொடங்குகிறார். இடது ஓரத்தில் முதலில் வந்த கார்னர்பேக்கை ஒரு கையால் தள்ளுகிறார். அடுத்து லியான் ஜேக்கப்ஸை ஓடிக்கொண்டே மறுபடி மறுபடி தள்ளி, கடைசியில் ஒதுக்கித் தள்ளிவிடுகிறார். இத்தனைக்கும் வேகம் குறையவே இல்லை. அந்த வருடத்து ஜாக்சன்வில் தற்காப்பு சாதாரணமானதும் இல்லை. அப்புறம் ஆறு வருடம் கழித்து, ரன்னிங் பேக்குகள் வீட்டுக்குப் போகிற முப்பது வயதில், எங்கள் பால்டிமோர் ரேவன்ஸுக்கு வந்து 1,921 கெஜம் ஓடினார். டெரல் டேவிஸ் 78 ஆட்டத்தோடு போனார், கேல் சேயர்ஸ் 68 ஆட்டத்தோடு போனார். உச்சம் எவ்வளவு உயரம் என்று பார்த்துத்தான் அவர்களை எடுத்தார்கள். ஹென்றியிடம் உயரமும் இருக்கிறது, ஆட்டக் காலமும் இருக்கிறது.

முன்வரிசைக் காவல்:

இந்த வாதத்தைக் குழுவில் யாராவது இப்படியே எழுந்து சொன்னால் ஹென்றி முதல் வருடமே போவார். உயரத்தைப் பார்த்து எடுப்பது இன்னும் நடக்கிறது, ஷார்ப்பையே பாருங்கள். கழுத்துக் காயத்தால் ஏழு வருடத்தில் முடிந்துபோன ஆட்டம், அதற்குள் மூன்று முறை முதல் அணி. முப்பது வருடம் காத்திருக்க வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள் என்பது வேறு வருத்தம்.

லயன்ஸ் பழைய ஆள்:

குவார்ட்டர்பேக் ஸ்டாஃபர்ட் பெயரை ஒருவரும் எடுக்கவில்லையே. பன்னிரண்டு வருடம் டெட்ராய்ட்டில் அடி வாங்கினார், ஒரு பிளேஆஃப் வெற்றி கூட இல்லை. ராம்ஸுக்குப் போன முதல் வருடமே சூப்பர் பவுல். அதன் கடைசி டிரைவில் (தொடர் தாக்குதலில்), பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டே ரிசீவர் கூப்பர் கப்புக்கு நடுவில் போட்ட அந்தப் பாஸை இன்று எத்தனை பேரால் போட முடியும்? மொத்தம் கிட்டத்தட்ட 60,000 கெஜம். நல்ல அணியில் தொடங்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

முன்வரிசைக் காவல்:

அவருடைய கையை நான் யாரோடும் ஒப்பிட்டுக் குறைக்க மாட்டேன். ஆனால் ஆல்-ப்ரோ ஒன்று கூட இல்லை, முதல் அணியும் இல்லை, இரண்டாம் அணியும் இல்லை. பதினாறு பருவத்தில் ஒரு தடவை கூட "இந்த வருடம் இவர்தான்" என்று குழு சொன்னதில்லை. ஈலை மானிங்கை நினைத்துப் பாருங்கள். இரண்டு சூப்பர் பவுல், இரண்டிலும் ஆட்ட நாயகன், அதுவும் பிரேடிக்கு எதிராக. இந்த வருடம் முதல் தடவை பெயர் வந்தது, கடைசி ஏழு பேரில் கூட இடம் கிடைக்கவில்லை. ஸ்டாஃபர்ட்டிடம் இருப்பது அதில் பாதி.

லயன்ஸ் பழைய ஆள்:

அப்படியானால் அவருக்கு வழியே இல்லை என்கிறீர்களா?

முன்வரிசைக் காவல்:

இருக்கிறது, ஒரே ஒரு பருவம் போதும். இப்போது முதுகு வலியால் பயிற்சி முகாமில் ஓரமாக நிற்கிறார், 37 வயது. அதிலிருந்து வந்து, பக்கத்தில் ரிசீவர்களாக நக்குவாவும் புதிதாக வந்த ஆடம்ஸும் இருக்க, ஒரு முதல் அணியோ எம்விபியோ எடுத்தால், அந்த 60,000 கெஜத்துக்கும் மோதிரத்துக்கும் மதிப்பே மாறிவிடும். அப்போது எவன்ஸுக்கு மேலே வைக்கவும் தயார். அதுவரை ஈலைக்குப் பின்னால்தான்.